அங்க அடையாளம்: பெண் கலைஞர்கள் தங்கள் உடம்பை வைத்து என்ன பேசுகிறார்கள்?

என் பாட்டியின் அடையாள அட்டை சிவப்பு. மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அதே தோட்டத்தில் பால்மரம் வெட்டி, அதே தோட்டத்துக் கோயிலில் தீ மிதித்தவர். ஆனால் பிறப்புப் பத்திரம் இல்லை. அதனால் குடிமக்களுக்குரிய நீல அட்டை கடைசிவரை வரவில்லை. ஒருமுறை கைரேகை வைக்கப் போனபோது பெருவிரல் ரேகை சரியாக விழவே இல்லை. துடைத்துத் துடைத்து மறுபடி அழுத்தச் சொன்னார்கள். வருஷக்கணக்காக ரப்பர் பாலும் அதை உறையவைக்கும் அமிலமும் பட்ட விரல் அது. அந்த விரலைப் பார்த்தாலே அவர் என்ன வேலை செய்தவர் என்று எங்கள் ஊரில் எவரும் சொல்லிவிடுவார்கள். தாளில் மட்டும் அது பதியவில்லை.

சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தை ஒட்டிய அறையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித் தருகிறேன். பெரும்பாலும் இடைநிலைப்பள்ளிப் பெண்பிள்ளைகள். போன மாதம் படிவம் நான்கு படிக்கும் ஒருத்தி கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ 1944-இல் தன்னையே வரைந்த படம். உடம்பு நடுவில் பிளந்திருக்கிறது. முதுகெலும்பு இருக்கவேண்டிய இடத்தில் உடைந்த கல்தூண். தோல் முழுக்க ஆணி. கண்ணில் நீர். "டீச்சர், இவங்க ஏன் தன்னையே இப்படி வரையுறாங்க? அழகா வரையத் தெரியும்தானே?" என்று கேட்டாள்.

அன்றைக்கு நேரம் போதவில்லை. முழுதாகச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கலை பற்றி எதுவும் படித்திராதவர்களுக்கும் புரியவேண்டும், குறிப்பாக அந்தப் பிள்ளையின் அம்மாவுக்குப் புரியவேண்டும் என்பது என் ஆசை.

அடையாளம் என்றதும் நம் நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது ஐசி என்கிற அடையாள அட்டைதான். அது பிறந்த கதையிலும் எங்கள் ஊருக்குப் பங்குண்டு. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். உடனே அவசரகாலம் வந்தது. அந்த ஆண்டே, படமும் கைரேகையும் கொண்ட அடையாள அட்டையும் வந்தது. நீ யார் என்பதை அரசாங்கம் ஒரு தாளில் எழுதி உன் கையில் கொடுத்தது.

அதற்கும் முந்திய சொல் ஒன்று தமிழில் இருக்கிறது: அங்க அடையாளம். காணாமல்போனவர் பற்றிய அறிவிப்பில் இன்றும் பார்க்கலாம், இடது புருவத்தில் தழும்பு, வலது தோளில் மச்சம் என்று. நேட்டாலுக்கும் பிஜிக்கும் கப்பலேறிய ஒப்பந்தக் கூலிகளின் பதிவேடுகளில் பெயர், தகப்பன் பெயர், சாதி, ஊர், வயது, உயரம், அப்புறம் உடம்பில் என்ன தழும்பு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு பெண்ணின் மொத்த வாழ்க்கையிலும் அந்த ஒரு வரிதான் எழுத்தில் மிஞ்சியது. அந்தத் தழும்பு எப்படி வந்தது, அவள் ஏன் ஊரை விட்டாள், கப்பலில் என்ன நினைத்தாள் என்று அவளை எவரும் கேட்டு எழுதவில்லை.

இன்றைய பெண் கலைஞர்கள் பலர் செய்வதை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் நான் இப்படித்தான் சொல்வேன்: என் அங்க அடையாளத்தை நானே எழுதிக்கொள்கிறேன் என்கிறார்கள். அதுவரை அதைப் பிறர் எழுதினார்கள். அதிகாரி எழுதினார். ஆண் ஓவியர் வரைந்தார். மாப்பிள்ளை வீட்டார் நிறம் பார்த்தார்கள். தெருவில் போகும்போது கருப்பி, குண்டு, நெட்டை என்று பேர் வைத்தார்கள். பெயர் வைக்கிற வேலை கை மாறும்போது என்ன நடக்கிறது என்பதுதான் இந்தக் கலையின் கதை.

காலண்டர் லட்சுமி

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்து வீட்டு முன்னறையில் எங்களுக்கு ஒரே ஓவியம்தான் தெரியும், மளிகைக் கடைக் காலண்டர். தாமரை மேல் லட்சுமி. சிவந்த நிறம், முழங்கால்வரை கூந்தல், கையில் ஒரு கீறல் இல்லை. அந்த லட்சுமிக்கு இப்படி ஒரு முகத்தை ஊர் முழுக்கப் பரப்பியவர் ராஜா ரவி வர்மா. 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி, தன் ஓவியங்களை ஏழை வீட்டுச் சுவருக்கும் கொண்டுபோனார். என் அம்மா விடியற்காலையில் தலையில் துண்டைக் கட்டி, முழுக்கைச் சட்டையும் கைலியும் போட்டு, கொசுவத்தியை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு, வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குக் கிளம்பும்போது அந்தப் படத்தைக் கும்பிட்டுவிட்டுத்தான் போவார். கும்பிடப்படுகிற பெண்ணுக்கும் கும்பிடுகிற பெண்ணுக்கும் ஒரு ஒற்றுமையும் கிடையாது. சின்ன வயதில் அது எனக்கு விநோதமாகப் படவில்லை. இப்போது படுகிறது.

பெங்களூரில் 1956-இல் பிறந்த புஷ்பமாலா என். என்ற கலைஞர் இந்த இடைவெளிக்குள்ளேயே போய் நின்றார். 2000 முதல் 2004 வரை கிளேர் ஆர்னி என்ற புகைப்படக்காரரோடு சேர்ந்து, தென்னிந்தியப் பெண்கள் எப்படியெல்லாம் படமாக்கப்பட்டார்கள் என்று தேடி, ஒவ்வொரு படத்தையும் மறுபடி எடுத்தார். எல்லாவற்றிலும் வேஷம் போட்டு நிற்பது அவரேதான். ரவி வர்மாவின் லட்சுமியாக நிற்கிறார். போலீஸ் பிடித்த பெண்களின் செய்தித்தாள் படத்தில் நிற்கிறார். நீலகிரித் தோடர் பெண்ணாகவும் நிற்கிறார், பின்னால் கட்டம் போட்ட திரையோடு.

அந்தக் கட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். 1869-இல் லாம்ப்ரே என்பவர் ஒரு மரச்சட்டத்தில் பட்டுநூலை இரண்டு அங்குலக் கட்டங்களாகக் கட்டி, அதன் முன்னால் 'சுதேசி'களை நிற்கவைத்துப் படமெடுக்கலாம் என்று ஒரு முறையைச் சொன்னார். கை எவ்வளவு நீளம், இடுப்பு எவ்வளவு அகலம் என்று படத்தைப் பார்த்தே கணக்கிடலாம் அல்லவா? துணிக்கடையில் அளவெடுப்பதைப்போல மனுஷியை அளவெடுத்தார்கள். நம்மவர்கள் பினாங்கில் இறங்கும் முன்னால் ஜெரெஜாக் தீவில் தடுத்து வைக்கப்பட்டு உடம்பு சோதிக்கப்பட்ட காலமும் அதையொட்டியதுதான். எனவே புஷ்பமாலாவின் படத்தைப் பார்க்கும்போது எனக்கு நீலகிரி மட்டும் தெரிவதில்லை.

இதில் அவருடைய சூட்சுமம் என்னவென்றால், லட்சுமியையும் கைதியையும் அளக்கப்பட்ட பழங்குடிப் பெண்ணையும் ஒரே முகத்தோடு பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். அப்போதுதான் புரிகிறது. சாமியாக்கியதும் குற்றவாளியாக்கியதும் மாதிரிப்பொருளாக்கியதும் ஒரே வேலை. மூன்றிலும் அவள் சும்மா நிற்கவேண்டும், வேறு ஒருவர் பார்க்கவேண்டும்.

அமெரிக்காவில் சிண்டி ஷெர்மன் 1977 முதல் 1980 வரை இதைப்போலவே தன்னைத்தானே கருப்பு வெள்ளையில் படமெடுத்தார். சுமார் 70 படங்கள். எதுவும் உண்மையான சினிமாவில் இல்லை, ஆனால் ஒவ்வொன்றும் எங்கோ பார்த்த சினிமாக் கதாநாயகிபோலவே இருக்கும். எல்லாம் அவர்தான், எதிலும் அவர் இல்லை. வடிகட்டி போட்டுச் செல்ஃபி எடுக்கிற நம் பிள்ளைகளுக்கு இதை விளக்க அதிக நேரம் ஆகாது.

நிர்வாணம் எதற்கு?

போன வருஷம் ஒரு தாய் என்னிடம் கேட்டார், "கலைன்னு சொல்லிட்டு ஏன் எல்லாம் துணியில்லாம இருக்கு? பிள்ளைங்க பார்க்கலாமா?" என்று. கேட்கவேண்டிய கேள்விதான். நான் அவரிடம் சொன்னது இது: அருங்காட்சியகங்களில் தொங்குகிற நிர்வாணப் பெண்களில் மிகப் பெரும்பான்மை ஆண்கள் வரைந்தவை. 1985-இல் நியூயார்க்கில் கொரில்லா முகமூடி போட்ட பெண் கலைஞர்கள் சிலர் ஒரு குழுவாகக் கிளம்பினார்கள். 'கொரில்லா கேர்ள்ஸ்' என்று பெயர். 1989-இல் அவர்கள் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் போய் எண்ணிப் பார்த்து ஒரு சுவரொட்டி போட்டார்கள். நவீனக் கலைப் பிரிவில் பெண் கலைஞர்கள் 5 விழுக்காட்டுக்கும் கீழே, ஆனால் அங்கிருந்த நிர்வாண உருவங்களில் 85 விழுக்காடு பெண்கள். பெண் உள்ளே நுழையவேண்டுமானால் துணியைக் கழற்றவேண்டுமா என்று கேட்டார்கள்.

ஆக, துணியில்லாத உடம்பு புதிதில்லை. அதை அந்த உடம்புக்குச் சொந்தக்காரியே வரைவதுதான் புதிது. ஃப்ரீடா காலோவுக்கு ஆறு வயதில் இளம்பிள்ளைவாதம், 1925-இல் பேருந்து விபத்து, அப்புறம் வாழ்நாள் முழுக்க அறுவை சிகிச்சையும் முதுகுக் கவசமும். அந்த உடைந்த தூண் ஓவியத்தில் அவர் மார்பு திறந்திருக்கிறது. ஆனால் அதைப் பார்க்கிற எவருக்கும் ஆசை வராது, வலிக்கும். அந்த மாணவி கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். அவருக்கு அழகாக வரையத் தெரியும். அழகாக வரைந்திருந்தால் மற்றவர்கள் பார்க்க விரும்பியதை வரைந்திருப்பார். அவர் வரைந்தது அவருக்குத் தெரிந்ததை.

புடாபெஸ்ட்டில் பிறந்து லாகூரில் 28 வயதில் இறந்த அமிர்தா ஷெர்-கில்லும் 1934-இல் தன்னைத் தாஹித்திப் பெண்ணாக வரைந்தார். பிரெஞ்சு ஓவியர் கோகன் வரைந்து பிரபலமாக்கிய தீவுப் பெண்களின் இடத்தில் தானே நின்றுகொண்டார். பின்னால் ஒரு ஆணின் நிழல் விழுகிறது. அவர் பார்வை நம் பக்கமே இல்லை.

சின்னப் பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது, எதைப் பிறகு காட்டுவது என்று நானும் தேர்ந்துதான் காட்டுகிறேன். அந்தத் தாயின் கவலையை நான் தட்டிக்கழிக்கவில்லை.

உடம்பே கருவி

சில கலைஞர்கள் தூரிகையை விட்டுவிட்டு உடம்பையே கொண்டுவந்து வைத்தார்கள். நிகழ்த்துகலை என்கிறோம். யோக்கோ ஓனோ 1964-இல் கியோட்டோவில் மேடையில் உட்கார்ந்து, பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து தன் உடையைக் கத்தரித்துக்கொண்டு போகலாம் என்றார். மரீனா அப்ரமோவிச் 1974-இல் நேப்பிள்ஸில் மேசை மேல் 72 பொருள்களை வைத்து, ஆறு மணி நேரம் என் உடம்பில் எதை வேண்டுமானாலும் பயன்படுத்துங்கள் என்று நின்றார். ரோஜாவும் இருந்தது, கத்தரிக்கோலும் இருந்தது, துப்பாக்கியும் தோட்டாவும் இருந்தன. முதலில் கூச்சப்பட்டவர்கள் நேரம் போகப் போகக் கொடூரமானார்கள்.

இதைக் கேட்டால் நம்மவர்கள் அந்நியமாக நினைப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. அலகு குத்தி, காவடி எடுத்து, தீ மிதித்து உடம்பால் நேர்த்திக்கடன் செலுத்துகிற ஊரில் வளர்ந்தவர்கள் நாம். சொல்லில் அடங்காத ஒன்றை உடம்பு சொல்லும் என்பது என் பாட்டிக்குத் தெரியும். அது கலை இல்லை, பக்தி, வேறு வேறுதான். ஆனால் உடம்பை ஒரு மொழியாகப் புரிந்துகொள்ள நமக்குப் பாடம் தேவையில்லை.

நம் பக்கத்திலேயே ஒரு உதாரணம். போர்ட்டிக்சனில் வசிக்கும் ஷேரன் சின் 2013 சிங்கப்பூர் கலைவிழாவில் 'மண்டி புங்கா' (மலாயில் பூக்குளியல்) என்று ஒரு நிகழ்ச்சி நடத்தினார். மஞ்சள் சாரோங் கட்டிய சுமார் நூறு பேர் திறந்தவெளியில் ஒன்றாகப் பூக்குளியல் குளித்தார்கள். தோஷம் கழிய மலாய்க்காரர்களும் சீனர்களும் நம்மவர்களும் போய்க் குளிக்கிற அதே பூக்குளியல். நேர்மையான தேர்தல் கேட்டுக் கோலாலம்பூரில் ஊர்வலம் போனவர்களின் நிறமும் மஞ்சள்தான்.

போர்ட்டிக்சன் பழத்தலைகள்

இந்தக் கட்டுரையில் என் மனதுக்கு மிக நெருக்கமானவர் சிம்ரின் கில். 1959-இல் சிங்கப்பூரில் பிறந்து போர்ட்டிக்சனில் வளர்ந்தவர், பஞ்சாபிக் குடும்பம். 2013 வெனிஸ் கலைவிழாவில் ஆஸ்திரேலியாவின் சார்பில் காட்சி வைத்தவர். அவர் 1999-2000 வாக்கில் தன் சிற்றூரில் உற்றார், நண்பர்கள், தெரிந்தவர்களை அவரவர் வீட்டிலும் வேலையிடத்திலும் நிற்கவைத்துச் சுமார் நாற்பது வண்ணப் படங்கள் எடுத்தார். 'நூற்றாண்டின் திருப்பத்தில் ஒரு சிற்றூர்' என்று பெயர். எல்லாம் சாதாரணக் குடும்பப் படம்போல இருக்கும், ஒன்றைத் தவிர. எவருக்கும் முகம் தெரியாது. தலைக்கு மேல் நம் சந்தையில் கிடைக்கும் பழங்களால் செய்த கவசம்.

வகுப்பில் நான் இந்தப் படங்களைக் காட்டி ஒரே ஒரு கேள்வி கேட்பேன். இவர் யார்? பிள்ளைகள் உடனே சொல்வார்கள், "மலாய்க்காரங்க டீச்சர்", "இல்லை, சீனர்", "தமிழர் மாதிரி இருக்கு, சோபா உறையைப் பாருங்க". எப்படித் தெரியும் என்று கேட்டால் சட்டை, செருப்பு, சுவரில் தொங்குகிற படம், கை நிறம் என்று ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். கொஞ்ச நேரத்தில் அமைதியாகிவிடுவார்கள். முகமே இல்லாத ஒருவருக்கு நாமே ஒரு இனத்தைக் கண்டுபிடித்து ஒட்டிவிட்டோம் என்று அவர்களுக்கே தெரிந்துவிடும். பள்ளிப் பாரத்தில், வங்கிப் பாரத்தில், வாடகை வீடு கேட்கப் போகும் இடத்தில் என்று நம் நாட்டில் வாழ்நாள் முழுக்க ஒரு கட்டத்தில் நாம் இனம் எழுதுகிறோம். அந்தக் கட்டம் நம் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது என்பதைக் காட்டுவதற்கு இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியாது.

பழம் ஏன்? வெளிநாட்டுக்காரருக்கு நாம் என்றால் பழமும் பனைமரமும் கடலும்தானே. சுற்றுலா அட்டையில் இருப்பதைத் தலையிலேயே மாட்டிவிட்டார். உள்ளே இருக்கிறவர் மூச்சுவிட்டுக்கொண்டு, உங்களுக்குத் தெரியாமல், உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சபாவின் கோத்தா கினாபாலுவில் 1971-இல் பிறந்த யீ ஐ-லான் வேறு வழியில் போகிறார். அவருக்கு மேசை என்றால் அதிகாரம், பாய் என்றால் எல்லாரும் ஒரே தரையில் உட்காரும் இடம். செம்பொர்னா பக்கத்துக் கடல்வாழ் பாஜாவ் பெண்களோடு சேர்ந்து, மேசை உருவத்தையே பாயில் பின்னவைத்தார். மலாயில் மேஜா, தமிழில் மேசை, இரண்டும் போர்ச்சுகீசியரிடமிருந்து வந்த சொல். மேசை வருவதற்கு முன்னால் நம் உடம்புகள் எல்லாம் பாயில்தான் இருந்தன. தோட்டக் கணக்கரான கிராணியார் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பெயர் கூப்பிட, பெண்கள் வாளியோடு வரிசையில் நிற்கிற பெரட்டை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். யார் உட்கார்வது, யார் நிற்பது என்பதும் உடம்பைப் பற்றிய விஷயம்தான்.

சிங்கப்பூரின் அமாண்டா ஹெங் 1996-இல் செய்தது இன்னும் எளியது. மேசையில் தவுகே என்கிற முளைப்பயறைக் குவித்து, வந்தவர்களோடு உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டு, வேரைக் கிள்ளிக்கொண்டு பேசினார். அவ்வளவுதான். இதில் என்ன கலை என்று கேட்கலாம். ஆனால் நம் பெண்களின் உண்மையான பேச்செல்லாம் எங்கே நடந்திருக்கிறது? தவுகே கிள்ளும்போது, வெங்காயம் உரிக்கும்போது, பேன் பார்க்கும்போது. கை ஒரு வேலையில் இருந்தால்தான் வாய் திறக்கும். அதைக் கலைக்கூடத்துக்குள் கொண்டுபோய், இதுவும் எங்கள் வரலாறு என்று வைத்தார். தன் அம்மாவோடு அணைத்தபடி எடுத்துக்கொண்ட படங்களும் அதே காலத்தவை. தொட்டுக்கொள்வது அரிதாகிவிட்ட தாயும் மகளும் மறுபடி தொட்டுப்பார்க்கிற படங்கள்.

மண்ணும் சீனியும் கூந்தலும்

தோட்டத்தை விட்டு எங்களை வெளியேற்றிய பின் இடம் செம்பனையாகிவிட்டது. பத்து வருஷம் கழித்து எங்கள் வீடு இருந்த இடத்தைத் தேடிப் போனேன். லயம் இல்லை, ஆயாக் கொட்டகை இல்லை. குழாயடிச் சிமெண்டுத் தளம் மட்டும் புல்லுக்குள் கிடந்தது. அதன் மேல் கொஞ்ச நேரம் படுத்துக்கொள்ளவேண்டும்போல இருந்தது. ஏனென்று அப்போது எனக்குத் தெரியாது. பின்னால் ஆனா மெண்டியேட்டாவின் படங்களைப் பார்த்தபோது தெரிந்தது.

அவர் கியூபாவில் 1948-இல் பிறந்தவர். 1961-இல், பன்னிரண்டு வயதில், பெற்றோரை விட்டு அக்காவோடு அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். 1973 தொடங்கிப் பல ஆண்டுகள் அயோவாவிலும் மெக்சிகோவிலும் தன் உடம்பின் உருவத்தை மண்ணில் பதித்தார். சில இடங்களில் படுத்து எழுந்த தடம். சில இடங்களில் அதில் பூ நிரப்பினார், சிலவற்றில் தீ மூட்டினார், சிலவற்றை அலை வந்து அழித்தது. நமக்கு மிஞ்சியிருப்பது புகைப்படங்களும் படச்சுருள்களும்தான். ஊரைப் பறிகொடுத்தவள் எந்த மண்ணாவது தன் அளவை எடுத்துக்கொள்ளட்டும் என்று படுக்கிறாள். அதிகாரி எடுத்த அளவு இல்லை இது.

பெய்ரூட்டில் பிறந்த பாலஸ்தீனப் பெண் மோனா ஹட்டூம் 1975-இல் லண்டனுக்குப் போயிருந்த சமயம் லெபனானில் போர் மூண்டு, திரும்ப முடியாமல் போனது. 1988-இல் செய்த காணொளியில் அவருடைய அம்மா குளித்துக்கொண்டிருக்கும் படங்களின் மேல் அம்மா எழுதிய அரபுக் கடிதங்களே திரைபோல விழுகின்றன. மகள் அவற்றை ஆங்கிலத்தில் வாசிக்கிறார். அம்மாவின் உடம்பைப் பார்க்க அவள் கையெழுத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். ஊர்க் கடிதத்துக்காகத் தபால்காரரின் சைக்கிள் மணியைக் கேட்டு நின்ற தலைமுறைக்கு இது புரியும்.

அப்புறம் சீனி. ரப்பர் வருவதற்கு முன்னாலேயே நம்மவர்களில் பலர் மலாயாவுக்கு வந்தது கரும்புக்காகத்தான், செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு. 2014-இல் கறுப்பின அமெரிக்கக் கலைஞர் காரா வாக்கர் புரூக்ளினில் இடிக்கப்படவிருந்த ஒரு பழைய சீனி ஆலைக்குள் பெரிய உருவம் ஒன்றைச் செய்தார். சுமார் 35 அடி உயரம், 75 அடி நீளம். எகிப்தின் ஸ்பிங்க்ஸைப்போல முன்கையை நீட்டிப் படுத்திருக்கிறது. ஆனால் முகம் கறுப்பினப் பெண்ணுடையது, தலையில் வேலைக்காரியின் துண்டு. மேலே முழுக்க வெள்ளைச் சீனி. சுற்றிலும் கூடை சுமந்த சிறுவர்களைக் கரும்புப்பாகு நிறத்தில் நிறுத்தினார். கோடை வெயிலில் அவர்கள் சிலர் உருகி ஒழுகிப்போனார்கள். நாம் தேநீரில் போட்ட ஒவ்வொரு கரண்டிக்கும் யாரோ ஒருவரின் உடம்பு கணக்கில் இருக்கிறது. அந்தத் தலைத்துண்டைப் படத்தில் பார்த்தவுடன் எனக்கு என் அம்மாவின் துண்டு ஞாபகம் வந்தது. ரப்பருக்கு இப்படி ஒரு சிலை இன்னும் எவரும் செய்யவில்லையே என்று ஏக்கமாகவும் இருந்தது.

கர்நாடகத்துக்காரர் ஷீலா கவுடா 1957-இல் பிறந்தவர். ஊசிக் காதுகளில் நூலைக் கோத்து, கற்றையாக்கி, குங்குமமும் பசையும் பூசிச் சிவப்புக் கயிறாக்கி அறை முழுக்கத் தொங்கவிட்டார். நுனியில் ஊசிகள் கொத்தாகத் தொங்கும். தூரத்தில் தொப்புள்கொடி மாதிரி, குடல் மாதிரி. கிட்டே போனால் தையல் வேலை. 'என் வலியை அவரிடம் சொல்' என்பதுபோலப் பெயர். உடம்பு எங்கேயும் இல்லை, ஆனால் எல்லாம் உடம்பு. இன்னொரு படைப்பில் மனிதக் கூந்தலில் திரித்த கயிற்றையும் கார் பம்பர்களையும் பயன்படுத்தினார். திருஷ்டிக்காக வண்டியில் முடிக்கயிறு கட்டுவார்களே, அதுதான். முடி இறக்கும் நேர்த்திக்கடனிலிருந்து அது எங்கெல்லாம் பயணம் போகிறது என்று யோசிக்கவைக்கிறது.

இலங்கையின் அனோலி பெரேரா 2010 வாக்கில் எடுத்த படங்களில் பெண்கள் பழைய ஸ்டுடியோ நாற்காலியில் உட்கார்ந்து, தங்கள் கூந்தலாலேயே முகத்தை மூடிக்கொள்கிறார்கள். பார்க்க முடியாது, போ என்று சொல்கிற மாதிரி. தலைவிரி கோலம் நம்மிடையே எதற்கெல்லாம் அடையாளம் என்று தெரிந்தவர்களுக்கு அது இன்னும் கனமாக இறங்கும்.

நம் நாட்டு இந்தியப் பெண் ஓவியர் ஒருவரின் பெயரையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ளவேண்டும். பினாங்கில் 1941-இல் பிறந்து 2016-இல் மறைந்த நிர்மலா தத் சண்முகலிங்கம். தன் உடம்பை விடப் போரையும் காட்டழிப்பையும் ஏழைகளையும் பற்றித்தான் அவர் அதிகம் பேசினார். ஒரு பெண் இதைத்தான் வரையவேண்டும் என்ற எதிர்பார்ப்பையே அவர் கண்டுகொள்ளவில்லை. நம் பெயர் தாங்கிய ஒருவர் இந்நாட்டு நவீனக் கலையின் முன்வரிசையில் நின்றார் என்பதைச் சொல்லும்போது என் வகுப்பில் எல்லாரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

மாஜோங் தாள்

இதையெல்லாம் சொல்லிவிட்டு ஒரு பயிற்சி கொடுத்தேன். வீட்டிலும் செய்து பார்க்கலாம். மாஜோங் தாள் என்கிற பெரிய வெள்ளைத் தாள் இரண்டை நீளவாக்கில் ஒட்டுங்கள். அதன் மேல் படுங்கள். நம்பிக்கையான ஒருவர் உங்கள் உடம்பைச் சுற்றிக் கோடு போடட்டும். எழுந்தபின், உங்கள் உடம்பின் ஒவ்வொரு இடத்தைப் பற்றியும் பிறர் சொன்னதைப் பென்சிலில் எழுதுங்கள். அந்த இடத்தைப் பற்றி நீங்கள் சொல்ல விரும்புவதை வண்ணத்தில் வரையுங்கள். பென்சில் எழுத்தை அழிக்கக்கூடாது. மேலே வரையலாம், பக்கத்தில் வரையலாம், அப்படியே விட்டும் வைக்கலாம்.

பென்சில் எழுத்துகள் எல்லாத் தாளிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. முகத்தில் கருப்பி, இடுப்பில் குண்டு, காலில் 'அடக்கமா உட்காரு'. வண்ணம்தான் வேறு வேறாக வந்தது. ஒருத்தி தொண்டையில் மஞ்சள் நிறத்தில் ஒரு பறவை வரைந்தாள், பாடகியாகவேண்டும் என்று. ஒருத்தி இரண்டு முழங்காலிலும் பச்சைப் புல் வரைந்தாள், காற்பந்து ஆடுகிறவள். ஃப்ரீடாவைப் பற்றிக் கேட்ட பிள்ளை வெகு நேரம் வயிற்றின் மேல் சிவப்பை எடுத்துவைத்துக்கொண்டு யோசித்தாள். மாதாமாதம் வருகிற வலியை வரையலாமா என்று காதோரம் வந்து கேட்டாள். வரை என்றேன்.

அவளை அழைத்துப்போக அம்மா வந்தார். கையுறைத் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர வேலை முடித்து நேராக வந்திருந்தார், சீருடைகூட மாற்றவில்லை. ஒரு தாள் மிச்சமிருந்தது. "அம்மா, நீங்களும் படுங்க" என்றாள் மகள். அவர் என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தார். படுத்தவுடன் கண்ணை மூடிக்கொண்டார்.

"படுன்னு சொல்லி ஒருத்தர் கேட்டு எவ்வளவு நாளாச்சு" என்றார்.

மகள் தலையிலிருந்து கோடு போட்டுக்கொண்டு வந்தாள். காது, தோள், முழங்கை. உள்ளங்கைக்கு வந்தபோது அம்மா கண்ணைத் திறந்தார். நாளெல்லாம் கையுறைக்குள் ஊறி விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்தது.

"விரலை மட்டும் மெதுவா போடும்மா" என்றார். அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, மெல்லிய தூரிகை ஒன்றை எடுத்து வந்தாள்.